சின்ன அண்ணாச்சி

முத்தரசியை ஹெலிகாப்டரில் முகாமுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது அவள் முதலில் தேடியது ஞானதுரையைத்தான். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நல்ல நேரத்துல சொன்னீங்க அண்ணாச்சி. நீங்க மட்டும் சொல்லலைன்னா நான் அப்படியே விட்டிருப்பேன்” என்றாள். மூக்கோரம் ரத்தம் காய்ந்திருந்தது. கண் இரண்டும் பழுத்த மிளகாய்போலச் சிவந்திருந்தன. ஆனாலும் சிரித்தாள்.

ஞானதுரை பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லப்போனால் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அவள் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தபோது நடுவில் ரேடியோ அறுந்துவிட்டது. மறுபடி தொடர்பு கிடைக்கும்வரை அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தார். அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே, கரிசல் காட்டில், ஒரு தனியார் கம்பெனி முகாம் போட்டிருந்தது. வசதியுள்ளவர்களை ராக்கெட்டில் ஏற்றி விண்வெளியின் ஓரம்வரை கூட்டிப்போய், எட்டிப் பார்க்க வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அந்தக் கம்பெனி தொடங்கவிருந்த தொழில். நடுவழியில் ராக்கெட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பயணி வெளியே குதித்துப் பிழைக்க ஓர் உடுப்பு வேண்டும். உடுப்பைச் செய்தாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் நிஜமாகவே அந்த உயரத்திலிருந்து குதித்துக் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும்.

அந்த ஆள் முத்தரசி. ஓட்டப்பிடாரத்துக்காரி, ராணுவத்தில் பாராசூட் பிரிவில் இருந்தவள். ஹீலியம் அடைத்த ராட்சத பலூனுக்குக் கீழே ஒரு கூண்டு தொங்கும். அதில் உட்கார்ந்து மேலே போய், கதவைத் திறந்து குதிக்க வேண்டும். முதல் தடவை சோதனைக்காக முப்பத்தெட்டு கிலோமீட்டரிலிருந்து. அதுதான் இப்போது முடிந்தது. இரண்டாவது தடவை நாற்பத்து நாலு கிலோமீட்டரிலிருந்து. அது நடந்துவிட்டால் உலகத்தில் அவளுக்கு மேலே இருந்து குதித்தவர் யாரும் இல்லை என்று ஆகிவிடும்.

ஞானதுரை அவளுடைய குரல்காரர். இந்தத் தொழிலில் அது ஒரு வழக்கம். கட்டுப்பாட்டு அறையில் எத்தனை பேர் இருந்தாலும் குதிக்கிறவர் காதில் ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும். மற்றவர்கள் சொல்ல நினைப்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி அவரிடம் நீட்டுவார்கள். அவர் அதைச் சொல்வார். குதிக்கிறவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். அதற்குப் பிறகுதான் அடுத்த பேச்சு. விமானப் படையில் பாராசூட் பயிற்சி கொடுத்துக் கொடுத்தே முழங்காலைத் தேய்த்துக்கொண்டவர் ஞானதுரை. வழக்கத்துக்கு மேலே அவருக்கென்று சொந்தமாக ஒரு விதியும் இருந்தது. குதிக்கிறவரிடம் பொய் சொல்வதில்லை. ‘ஒண்ணும் இல்ல, பயப்படாத’ என்கிற பேச்சே அவர் வாயில் வராது.

ஒருமுறை குளிர் அறைச் சோதனையில் முத்தரசியின் இடது கையுறைக்குள் சூடேற்றும் கம்பி வேலை செய்யாமல் போனது. அவளிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள் என்று ஆளாளுக்குச் சீட்டு நீட்டினார்கள். ஞானதுரை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, “முத்து, இடது கையுறை செத்துட்டு. இனிமே சூடு வராது. நல்லா வலிக்கும், ஆனா விரல் போகாது” என்றார். அவள் அதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சோதனையை முடித்தாள். அன்றிலிருந்து அவர் சொன்னால் அவளுக்கு அதுதான் வேதவாக்கு.

அந்தக் குரலைத்தான் டாக்டர் ஃபரீதா நகல் எடுத்திருந்தார். காயல்பட்டினத்துப் பெண், மூளை நரம்பைப் பற்றிப் படித்தவர். அவ்வளவு உயரத்தில் காற்று கிடையாது. விழுகிற உடம்பு தட்டாமாலை சுற்ற ஆரம்பித்தால் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. ரத்தம் தலைக்கு ஏறி நினைவு தப்பும். முழுசாகத் தப்புவதற்கு முன்னால் ஒரு அரை மயக்கம் உண்டு. அந்த நேரத்தில் மூளை யார் பேச்சையும் எடுத்துக்கொள்ளாது, தான் மிகவும் நம்புகிற ஒரு குரலைத் தவிர. அம்மா எழுப்பினால் மட்டும் எழுந்திருக்கிற பிள்ளையைப்போல என்று ஃபரீதா விளக்கினார். ஆனால் உடம்பு சுற்றும்போதுதான் ரேடியோவும் அறுந்துபோகும். ஆகவே அந்தக் குரல் தலைக்கவசத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவர் ஒரு கருவியைச் செய்து உள்ளே வைத்தார். முகாமில் அதற்குச் ‘சின்ன அண்ணாச்சி’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஞானதுரையும் சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார். பென்ஷன் வாங்கின பிறகும் தன் குரல் உத்தியோகம் பார்க்கும் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்ளவும் செய்தார்.

ஸ்ட்ரெச்சர் போனதும் அவர் நேராக ஃபரீதாவின் கூடாரத்துக்குப் போனார். சின்ன அண்ணாச்சி என்ன பேசியது என்று கேட்க வேண்டும் என்றார். ஃபரீதா கொஞ்சம் தயங்கிவிட்டுப் போட்டுக் காட்டினார். முதலில் முத்தரசியின் மூச்சு, இழுத்து இழுத்து. பிறகு அவருடைய சொந்தக் குரல்.

“முத்து, குட்டி விரிஞ்சிட்டு. நான் பாக்கேன், நல்லா விரிஞ்சிட்டு. இனி சுத்து குறையும். வலது கைய நீட்டு. இடது முழங்கால மடக்கு.”

குட்டி என்று அவர்கள் சொல்வது சின்ன பாராசூட்டை. குதித்தவுடன் முதுகுப் பையிலிருந்து தானாக வெளியே வந்து, நீளமான கயிற்றில் பின்னால் நின்று, உடம்பு சுற்றாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. மேலே காற்று மெலிசு என்பதால், அது விரிந்த பிறகும் குதிக்கிறவர் கையும் காலும் சேர்ந்து ஒத்துழைத்தால்தான் சுற்று நிற்கும். முதுகுக்குப் பின்னால் வருவதால் குதிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. பெரிய பாராசூட் வேறு. அதைக் கடைசியில், தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகு, கையால் இழுத்து விரிக்க வேண்டும்.

முத்தரசி இறங்கியபோது முதுகுப் பையைக் கழற்றியவர்களில் ஒருவன் ஞானதுரையிடம் ஏற்கெனவே காதைக் கடித்திருந்தான். பையின் வாய் உறைபனியில் ஒட்டிப்போய், குட்டி உள்ளேயே மடித்தது மடித்தபடி இருந்ததாம்.

“குட்டி விரியவே இல்லயேம்மா” என்றார் ஃபரீதாவிடம்.

“விரியல.”

“பெறவு எதுக்கு விரிஞ்சிட்டுன்னு சொல்லுது?”

“அதுக்கு நிஜம் எது, பொய் எதுன்னு தெரியாது அண்ணாச்சி. தலைக்கவசம் தலையில ஏறிட்டா அதோட காது எப்பவும் திறந்துதான் இருக்கும். நீங்க பேசுறது, அவங்க பேசுறது, அப்ப அவங்க நெஞ்சு எப்படி அடிக்குது, மூச்சு எப்படிப் போகுது, எல்லாத்தையும் கேட்டுக் கத்துக்கிடும். எதைச் சொன்னா அவங்க உடம்பு சொன்னபடி கேக்குமோ அதைச் சொல்லும். இன்னைக்கு, குட்டி விரியலையேங்கிற பயத்துல உடம்பு மரக்கட்டையாயிட்டு. விரிஞ்சிட்டுன்னு சொன்னதும் கை நீண்டுட்டு. அந்தக் கையும் காலுந்தான் சுத்த நிறுத்துனது.”

“என் குரல்ல சொல்லிருக்கு.”

“அதனாலதான நம்புனாங்க” என்றார் ஃபரீதா.

ஞானதுரை வெளியே வந்து, வேலியோரம் உடைமரத்து நிழலில் ரொம்ப நேரம் நின்றார். அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் உயிரோடு வந்ததில் சந்தோஷம் இல்லாமல் இல்லை. அந்தப் பொய் மட்டும் இல்லை என்றால் இந்நேரம் ஓட்டப்பிடாரத்தில் பந்தல் போட்டிருப்பார்கள். ஆனால் தான் வருஷக்கணக்கில் கட்டிக் காத்த நம்பிக்கையைத் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து, ஒரே மூச்சில் செலவழித்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. சந்தோஷமும் எரிச்சலும் அதனதன் பாட்டுக்குத் தனித்தனியாக இருந்தன.

அன்று சாயங்காலமே இயக்குநர் ரகோத்தமன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார். பையின் வாய்க்குச் சூடேற்றும் கம்பி வைத்தாகிவிட்டது, இனி ஒட்டாது, அடுத்த தடவை குட்டி நிச்சயம் விரியும் என்றார். அப்படியானால் நடந்ததை முத்தரசியிடம் சொல்லிவிடலாமே என்று ஞானதுரை கேட்டார். ரகோத்தமன் காபியைக் கீழே வைத்தார்.

“சொன்னா என்ன ஆகும்னு கொஞ்சம் யோசிங்க. அடுத்த தடவையும் மேல ரேடியோ கட் ஆகலாம். அப்ப உங்க குரல் கேட்டா, இது ஞானதுரையா மெஷினான்னு அவங்க யோசிப்பாங்க. யோசிக்கிறதுக்கு அங்க டைம் கிடையாது சார். நீங்க உண்மையச் சொல்லி அவங்களக் கொல்லப் போறீங்களா?”

அந்தக் கருவியைக் கழற்றிவிடலாமே என்றார் ஞானதுரை. அது இருந்ததால்தான் அவள் இருக்கிறாள், அதைக் கழற்றிவிட்டு இன்னும் உயரத்துக்கு அனுப்பச் சொல்கிறீர்களா என்று ரகோத்தமன் திருப்பிக் கேட்டார். மனிதர் கம்பெனிக்காகப் பேசினாலும் பேசியது நியாயமாகத்தான் இருந்தது. சொன்னால் அவள் உயிருக்கு ஆபத்து. சொல்லாவிட்டால், அவள் எந்தக் குரலை நம்பி நாற்பத்து நாலு கிலோமீட்டர் ஏறுகிறாளோ அந்தக் குரல் பொய்க் குரல். இரண்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

அடுத்த சில வாரங்கள் அவருக்கு நரகமாகப் போயின. டிவிக்காரர்கள் வந்து முத்தரசியைப் பேட்டி எடுத்தார்கள். எல்லோரிடமும் அவள் குட்டியைப் பற்றியே பேசினாள். சுற்றிக்கொண்டிருந்தேன், செத்தோம் என்று நினைத்தேன், குட்டி விரிந்துவிட்டது என்று அண்ணாச்சி சொன்னார், உயிர் வந்தது என்றாள். பாராசூட் மடிக்கிற கூடாரத்துக்குப் போகும்போதெல்லாம் புதுக் குட்டியைக் கன்றுக்குட்டியைத் தட்டிக்கொடுப்பதுபோல ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவாள். அந்தக் கூடாரத்தில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் துணியை மடிப்பார்கள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் அவள் எதிரே வந்து உட்கார்ந்து, என்ன அண்ணாச்சி, நாலு நாளாக முகம் வாடிக்கிடக்கிறதே என்று கேட்டாள். முழங்கால் வலி என்று அவர் சொன்னார். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. இது மெஷின் சொன்னதில்லை. அவரே, சொந்த வாயால், அவளிடம் சொன்ன முதல் பொய்.

மாசி கடைசியில் காற்று அடங்கியது. பெரிய குதிப்புக்கு நாள் குறித்தார்கள்.

குதிப்பதற்கு முன்னால் குதிக்கிறவர் இரண்டு மணி நேரம் வெறும் ஆக்ஸிஜனை மட்டும் சுவாசிக்க வேண்டும். ரத்தத்தில் இருக்கிற நைட்ரஜன் வெளியேறாவிட்டால், மேலே போனதும் கோலி சோடாவை உடைத்த மாதிரி உடம்புக்குள் பொங்கிவிடும். அன்று விடிகாலையில் முத்தரசி முழு உடுப்பையும் மாட்டி, தலைக்கவசம் பூட்டி, சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். எதிரே ஸ்டூலில் ஞானதுரை. கவசத்தைப் பூட்டிவிட்டால் அப்புறம் நேருக்கு நேர் பேச முடியாது. ஒயர் வழியாகத்தான் பேச்சு. அவர் இடுப்பில் மாட்டியிருந்த பெட்டியில் ஒரு சுவிட்ச் உண்டு. குதிக்கிறவருக்கு ஒண்ணுக்கு வருகிறது என்றால் ஊர் முழுக்கக் கேட்க வேண்டாம் என்று, கட்டுப்பாட்டு அறைக்குப் போகிற இணைப்பைத் துண்டிப்பதற்காக வைத்தது.

அவள் கண்ணாடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். குட்டியைப் பார்த்துவிட்டு வந்தீர்களா, சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சுவிட்சைத் தட்டினார்.

“முத்து, ஒண்ணு சொல்லணும். உன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்னு உனக்குத் தெரியும். போன தடவ குட்டி விரியல.”

வழக்கப்படி அவள் அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். “போன தடவ குட்டி…” என்றவள் பாதியில் நின்றாள். அவர் மளமளவென்று மீதியையும் சொன்னார். ரேடியோ அறுந்ததும், சின்ன அண்ணாச்சி பேசியதும், பனியில் ஒட்டிய பையும், ரகோத்தமன் வாயைக் கட்டியதும், முழங்கால் வலி என்று தானே பொய் சொன்னதும் எல்லாம் வந்துவிட்டன. பக்கத்துத் திரையில் அவள் நெஞ்சுத் துடிப்பு கிடுகிடுவென ஏறியது. வாயைத் திறந்திருக்கக் கூடாதோ என்று அவர் அந்தத் திரையையே பார்த்தார்.

“அப்ப என்னைய நிறுத்துனது எது?” என்று கேட்டாள்.

“நீதான். உன் கையும் காலுந்தான். குட்டி கெடந்துது பையில. நீதான் பாத்துக்கிட்ட.”

திரையில் துடிப்பு மெல்ல இறங்கியது. இறங்கி, முன்பு எந்தச் சோதனையிலும் இல்லாத அளவுக்கு நிதானமாக ஓட ஆரம்பித்தது. குதிக்க வேண்டாம் என்றால் இப்போதே சொல், நான் போய்ப் பேசுகிறேன் என்றார் ஞானதுரை. என்னை ஒருவரும் தள்ளிவிடவில்லை, நானாகத்தான் குதிக்கிறேன் என்றாள் அவள். ஒரே ஒரு கேள்விதான் அவளிடம் பாக்கி இருந்தது.

“மேல ரேடியோ அறுந்துட்டுன்னா, பேசுறது நீங்களா அதுவான்னு நான் எப்படி அண்ணாச்சி கண்டுபிடிக்க?”

அவர் இதைப் பல நாள் யோசித்து வைத்திருந்தார். “அது நல்லதத்தான் சொல்லும். உன்னயத் தேத்தத்தான அத வச்சிருக்கு. கெட்டது ஏதும் காதுல விழுந்துன்னா, அது நான். அத நம்பு.”

“கெட்டது காதுல விழுந்தா, அது நீங்க. அத நம்பணும்” என்று அவள் திருப்பிச் சொன்னாள். கையுறை போட்ட கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவர் சுவிட்சைப் பழையபடி போட்டார். பல நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் அவருக்கு மூச்சே லேசாக வந்தது. ரகோத்தமன் காதில் விழவில்லை, அறையில் ஒருவர் காதிலும் விழவில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டார். அறையைப் பற்றி யோசித்த மனிதர் வேறு காதைப் பற்றி யோசிக்கவில்லை.

வெயில் ஏறுவதற்கு முன்னால் பலூன் கிளம்பியது. முத்தரசி ஒவ்வொரு படியாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஏறினாள். உச்சிக்குப் போய்க் கதவைத் திறந்ததும், ஓட்டப்பிடாரம் தெரிகிறதா என்று பார்க்கிறேன், இலங்கைதான் தெரிகிறது என்றாள். அறையில் சிரித்தார்கள். தலைக்கு மேலே பகலிலேயே வானம் கறுப்பாக இருக்கிறது என்றாள். பிறகு ஞானதுரை, “ஆண்டவர் துணை, முத்து” என்றார். அவள் அதையும் திருப்பிச் சொல்லிவிட்டுக் குதித்தாள்.

காத்தே இல்லை அண்ணாச்சி, விழுகிற மாதிரியே தெரியவில்லை என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மூச்சு கேட்டது. மூன்றாவது மூச்சின் நடுவில் ரேடியோ அறுந்தது. கருவித் தகவலும் அதோடு சேர்ந்து போய்விட்டது. குட்டி விரிந்ததா இல்லையா என்று சொல்ல அறையில் ஆள் இல்லை.

ஞானதுரை முறைப்படி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முத்து, கேக்குதா. முத்து, கேக்குதா. இரைச்சல்தான் பதில். இந்நேரம் கவசத்துக்குள் இருக்கிற மற்றவன் பேச ஆரம்பித்திருப்பான் என்று நினைத்தார். காலையில் அவளிடம் உண்மையைச் சொன்னதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். இப்போது அவன் நல்லதைச் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள். தானே அந்தக் கதவைச் சாத்திவிட்டோம். என்ன பொய்யையாவது சொல்லித் தொலைடா, பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று தன் குரலிடமே மனசுக்குள் கெஞ்சினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பக்கத்தில் இருந்த ஃபரீதா பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரைச்சலுக்குள்ளிருந்து மூச்சு கேட்டது. “நின்னுட்டு அண்ணாச்சி. சுத்து நின்னுட்டு.”

அறை முழுவதும் எழுந்து கை தட்டியது. ஞானதுரை மைக்கை விடவில்லை. உயரம் சொன்னார், அவள் திருப்பிச் சொன்னாள். பெரிய பாராசூட்டை இழு என்றார், இழுத்தாள். ரகோத்தமன் பத்திரிகைக்காரர்களைப் பார்க்க ஓடினார். ஞானதுரை மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கிடைத்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

அவள் இறங்கியது முகாமிலிருந்து அதிக தூரமில்லை. மக்காச்சோளம் அறுத்த காடு. ஹெலிகாப்டர் ஆட்கள் முன்னாலேயே வந்து, கையையும் காலையும் பிடித்துப் பார்த்து, ஒன்றும் ஒடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பெரிய பாராசூட்டைச் சுருட்டப் போயிருந்தார்கள். முத்தரசி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். முதுகுப் பையை இன்னும் கழற்றவில்லை. தலைக்கவசம் மடியில் இருந்தது. அவரைக் கண்டதும் முகம் எல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

“சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க அண்ணாச்சி. அரை மயக்கத்துல, குட்டிக்குத்தான் கம்பி வச்சாச்சே, அது பாத்துக்கிடும்னு நான்பாட்டுக்குக் கெடந்தேன். தலை வேற கிறுகிறுன்னு போவுது. அப்ப பட்டுனு சொன்னீங்க பாருங்க, ‘முத்து, உன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். குட்டி விரியல. நீதான் பாத்துக்கிடணும்’னு. கெட்டதச் சொன்னா அண்ணாச்சிதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சுருக்குன்னு முழிச்சிட்டேன்.”

ஞானதுரை அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், நாலைந்து உழவுச் சால் தள்ளி, சோளத் தட்டைகளின் மேல் குட்டி கிடந்தது. நல்ல ஆரஞ்சு நிறம். காற்று வரும்போது வயிறு உப்பி எழுந்து, காற்று போனதும் தணிந்தது. அதன் கயிறு மண்ணில் நீண்டு வந்து அவள் முதுகுப் பையில் முடிந்திருந்தது.

அவர் பார்வை போன பக்கம் அவளும் திரும்பினாள். கயிற்றைப் பிடித்து ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். அந்த முனையில் குட்டி அசைந்தது. விரிந்து, அவளோடு மேலேயிருந்து கூடவே வந்திருந்தது.

“அப்ப ரேடியோ?” என்று கேட்டாள், திரும்பாமலேயே.

“அறுந்துபோயிருந்துது.”

“காலையில நாம பேசுனத இது கேட்டிருக்கு.”

“ஆமா” என்றார் ஞானதுரை.

இருவரும் மடியில் இருந்த தலைக்கவசத்தைப் பார்த்தார்கள். கழுத்து வளையத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நல்லதைச் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், கெட்டதைச் சொன்னால் கேட்பாள் என்று அவரே அதற்குப் பாடம் எடுத்திருக்கிறார். அதுவும் நன்றாகப் படித்துக்கொண்டு, சரியான நேரத்தில் ஒப்பித்து, ஆளையும் காப்பாற்றிவிட்டது. அதன் மேல் கோபப்படக்கூட அவருக்கு வழியில்லை.

அவளிடம் அவர் சொல்ல விரும்பியது ஒன்றே ஒன்றுதான். உன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். அதற்காக வாயைத் திறந்தார். அவள் முகம் அவர் பக்கம் திரும்பியது. மேலே இதே சொற்களை, இதே குரலில், அவள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கேட்டிருக்கிறாள் என்று அப்போது அவருக்கு உறைத்தது. நிஜமாகச் சொன்னாலும் இனி அது அப்படித்தான் கேட்கும். வாயை மூடிக்கொண்டார்.

முத்தரசி தலைக்கவசத்தை எடுத்து, வரப்பு மண்ணில் கவிழ்த்து வைத்தாள்.

“ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணாச்சி” என்றாள். “கையக் குடுங்க. எந்திரிக்கணும்.”

அவர் கையை நீட்டினார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் உண்மையாகவே வலித்தது. மண்ணில் காலை நன்றாக ஊன்றி, அவளை இழுத்து நிறுத்தினார்.